முகத்திலிருந்து தொடங்குவோம்

(புகைப்படம் எடுக்கும் தோழர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்குமான இருட்டறைப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மேடையில் பேசிப் பழக்கப்பட்டவன் இல்லை. ஸ்டுடியோக்களில் டார்க் ரூம் வேலை பார்த்தவன். சிவப்பு பல்பு வெளிச்சத்தில், ஹைப்போ நாத்தத்தில், 20 வருசத்துக்கு மேல பிரிண்ட் போட்டவன். அதனால் இன்னிக்கு ஒரே ஒரு விசயத்தைத்தான் பேசப்போறேன். கருப்பு வெள்ளை நெகடிவிலிருந்து பிரிண்ட் போடும்போது கான்ட்ராஸ்ட் சரியாக வர என்ன செய்யணும் என்பதுதான் அது.

இடைவேளையில் ஒரு தம்பி வந்து கேட்டார்: “அண்ணே, இப்ப போன்லயே எல்லாம் வந்துருச்சு. இருட்டுல உக்காந்து இதை எதுக்குக் கத்துக்கணும்?” நியாயமான கேள்வி. என் பதில் இது. நம்ம தோழர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எடுத்த நெகடிவ்கள் சுருண்டு கிடக்கின்றன. ஊர்வலம், எரிந்த குடிசை, உண்மை அறியப்போன பயணம், கூட்டம், கல்யாணம், சாவு எல்லாம் அதில் இருக்கு. அந்த நாளில் அந்த இடத்தில் அந்த மனுசன் நின்றான் என்பதற்குச் சில சமயம் அந்த ஒரு நெகடிவைத் தவிர வேறு சாட்சியே கிடையாது. அவற்றில் பல படங்கள் அப்போதும் பிரிண்ட் ஆயின. பத்திரிகையிலும் வந்தன. எப்படி வந்தன? முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மைத்திட்டாக வந்தன. அதை இப்போது மறுபடி பிரிண்ட் போடப்போகிறவர்கள் நீங்கள். திரும்பவும் திட்டாகவே போட்டால் அந்த மனுசன் இரண்டாம் தடவையும் காணாமல் போவான். அதனால்தான் இது கத்துக்கவேண்டிய வேலை.

முதலில் கான்ட்ராஸ்ட் என்றால் என்ன? கேட்டால் பலபேர் சொல்வது, “கருப்பு நல்ல கருப்பா இருக்கணும், வெள்ளை நல்ல வெள்ளையா இருக்கணும்.” ஸ்டுடியோ முதலாளிகள் எனக்குச் சொல்லித் தந்ததும் இதுதான். இது பாதிதான் சரி. கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே சாம்பல் படிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் எவ்வளவு இடைவெளி என்பதே கான்ட்ராஸ்ட். ஒரு ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் உயரம் மாறாது. படிகளைத் தள்ளித்தள்ளி வைத்தால் கொஞ்சம் படிகள்தான் இருக்கும், அது ஹார்டு. நெருக்கி வைத்தால் நிறையப் படிகள், அது சாஃப்ட்.

இந்த ஏணியின் உயரம் எவ்வளவு? பளபளப்பான பேப்பரில் வரக்கூடிய ஆழமான கருப்பு, பேப்பரின் வெள்ளை திருப்பியனுப்புகிற வெளிச்சத்தில் ஏறக்குறைய 100இல் 1 பங்கைத் திருப்பியனுப்பும். மொத்த ஏணியே அவ்வளவுதான். ஆனால் சித்திரை வெயிலில் காய்கிற வெள்ளைச் சட்டைக்கும், புளியமரத்து நிழலில் நிற்கிறவரின் கன்னத்துக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம் இதைவிடப் பெரிது. ஃபிலிம் அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். பேப்பர் தாங்காது. எதையாவது விட்டுத்தான் ஆகணும்.

எதை விடுவது? பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏன்னா இது ரசாயனம் எடுக்கிற முடிவு கிடையாது. என்லார்ஜர் பக்கத்தில் நிற்கிற ஆள் எடுக்கிற முடிவு.

ஒரு குரூப் போட்டோவை நினைத்துப் பாருங்கள். முன்வரிசையில் நாற்காலி போட்டு வெள்ளை வேட்டி சட்டையில் நாலு பேர். பின்னால் நிற்கிறவர்கள் மர நிழலில், வேலைக்கு வந்த உடையோடு. பிரிண்ட் போடுகிறவன் எதைப் பார்த்து நேரம் வைக்கிறான்? முன்னால் உள்ள வெள்ளை வேட்டியின் மடிப்பைப் பார்த்து. அந்த மடிப்பு தெளிவாக விழும்வரை வெளிச்சம் கொடுக்கிறான். அதற்குள் பின்வரிசை முகமெல்லாம் கருப்புக்குள் இறங்கிவிடுகிறது. கண் ஒரு புள்ளி, பல் ஒரு கோடு. யாரும் திட்டம்போட்டு இதைச் செய்யவில்லை. “வெள்ளை சரியா வந்தா படம் சரி” என்ற பழக்கம் செய்கிறது. காசு கொடுத்தவனும் முன்வரிசையில்தான் இருக்கிறான்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு பழக்கமும் உண்டு. “அண்ணே, பொண்ணு பார்க்க அனுப்புற போட்டோ, கொஞ்சம் செவப்பா வர்ற மாதிரி போடுங்க” என்று கேட்காத குடும்பம் குறைவு. உடனே வெளிச்சத்தைக் குறைத்து, நெகடிவில் பென்சிலால் டச்சப் பண்ணி, கன்னத்தில் இருந்த உருவத்தையெல்லாம் வழித்து எடுத்துவிடுவார்கள். வருகிற படத்தில் அந்தப் பெண் இருக்கமாட்டாள். மாவு பூசின மாதிரி ஒரு முகம் இருக்கும். ஒண்ணு அடியோடு இருட்டாக்குறது, இல்லேன்னா வெளுக்குறது. கருப்பு முகத்தைக் கருப்பாகவே, உள்ளே இருக்கிற எல்லாப் படிகளோடும் காட்டமுடியும் என்ற எண்ணமே அந்த அறைகளில் இல்லை. முடியும் என்பதுதான் நான் சொல்லவந்த செய்தி. எப்படி என்று இனி வரிசையாகப் பார்ப்போம்.

பேப்பரைத் தொடுவதற்கு முன்னால் அறையைச் சரிபார்க்கணும். கான்ட்ராஸ்ட் கெடுவதில் பாதி அங்கேதான் நடக்கிறது. ஜீரோ வாட் பல்பில் சிவப்புச் சாயம் பூசி மாட்டிக்கொண்டு, அதை ‘சேஃப்’ என்று நம்புகிறோம். சாயம் மெலிசானால் வெளிச்சம் கசியும், பேப்பரில் லேசான சாம்பல் படியும், வெள்ளை மங்கிப்போகும். சோதிப்பது சுலபம். ஒரு துண்டு பேப்பரில் ஒரு ரூபாய்க் காசை வைத்து, சிவப்பு வெளிச்சத்தில் 5 நிமிசம் விட்டு, டெவலப் பண்ணுங்கள். காசின் வட்டம் தெரிந்தால் அந்த பல்பை நம்பாதீர்கள்.

அடுத்தது டெவலப்பர். 20 டிகிரி வெப்பநிலைக்கு அளந்து வைத்த கணக்குகளைத்தான் டப்பாவில் அச்சடித்திருப்பார்கள். நம்ம ஊர் குழாய்த் தண்ணி 30க்கும் மேலே போகும். டிரேயை ஐஸ் தண்ணீர் இருக்கிற பெரிய தட்டில் வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால், தினமும் ஒரே சூட்டில் ஒரே நேரம் வையுங்கள். பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பருக்கு ஏறக்குறைய 1 நிமிசம், நார்ப் பேப்பருக்கு 2 நிமிசம். இதில் ஒரு கெட்ட பழக்கம் இருக்கு. படம் சீக்கிரம் கருக்கிறது என்று 20 வினாடியில் பிடுங்கி ஹைப்போவில் போடுவது. அப்படி எடுத்த படத்தில் ஆழமான கருப்பும் வராது, சாம்பலும் திட்டுத்திட்டாக இருக்கும். சேறு மாதிரி இருக்கும். படம் கருத்தால் என்லார்ஜரில் நேரத்தைக் குறைக்கணும், டெவலப்பரில் குறைக்கக்கூடாது. சிவப்பு வெளிச்சத்தில் எந்தப் படமும் உண்மையில் இருப்பதைவிடக் கருப்பாகத்தான் தெரியும். ஹைப்போவுக்குப் பிறகு வெள்ளை வெளிச்சத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

இப்போது கிரேடு. பேப்பருக்கு 0 முதல் 5 வரை எண் உண்டு. எண் கூடக்கூட ஹார்டு. 2 என்பதை ‘நார்மல்’ என்பார்கள். ஒரு காலத்தில் நம்ம ஊட்டியிலேயே பேப்பர் தயாரானது. 1960இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிமும் பேப்பரும் கொடுத்தது. அந்த ஆலை மூடிவிட்டது. அந்த நாளில் ஒவ்வொரு கிரேடுக்கும் ஒரு பெட்டி வாங்கணும். சின்ன ஸ்டுடியோவில் எத்தனை பெட்டி வாங்கி வைப்பான்? இருக்கிற ஒன்றிரண்டு பெட்டிகளில் எல்லா முகத்தையும் அடித்தான்.

இப்போது பெரும்பாலும் கிடைப்பது கிரேடு மாற்றக்கூடிய பேப்பர். ஐல்ஃபோர்டு கம்பெனி 1940இலேயே ‘மல்டிகிரேடு’ என்று கொண்டுவந்த வகை. இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி தூரம் கடந்துவிடலாம். இந்தப் பேப்பர் நீல வெளிச்சத்தில் ஹார்டாகவும் பச்சை வெளிச்சத்தில் சாஃப்டாகவும் நடந்துகொள்ளும். மஞ்சள் பில்டர் நீலத்தைத் தடுத்துவிடும், அதனால் சாஃப்ட். மெஜந்தா பில்டர் பச்சையைத் தடுத்துவிடும்; அதனால் ஹார்டு. ஒரே பெட்டிப் பேப்பரில் எல்லாக் கிரேடும் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், ஒரே தாளில் இந்தப் பகுதிக்கு ஒரு கிரேடு, அந்தப் பகுதிக்கு ஒரு கிரேடு என்று கொடுக்கமுடியும். நமக்கு இது பெரிய ஆயுதம்.

பாடப்புத்தகம் சொல்லுகிற முறை ஒன்று உண்டு: “வெள்ளையைப் பார்த்து நேரம் வை, கருப்பைப் பார்த்து கிரேடு வை.” மலைக்கும் மேகத்துக்கும் கட்டடத்துக்கும் இது சரி. கருப்பு முகம் உள்ள படத்துக்கு நான் இதை மாற்றிச் சொல்கிறேன்: முகத்தைப் பார்த்து நேரம் வை, முகத்துக்குள் இருக்கிற ஏற்ற இறக்கத்தைப் பார்த்து கிரேடு வை, சட்டையை அப்புறம் பார்த்துக்கலாம்.

செய்முறை இதுதான். பேப்பர் விலை அதிகம், முழுத் தாளை வீணாக்காதீர்கள். ஒரு தாளை ஐந்தாறு பட்டையாக வெட்டுங்கள். பட்டையை முகத்தின் மேல் வையுங்கள்; நெற்றி, கன்னம், கழுத்து மூன்றும் அதில் விழணும். கிரேடு 2 பில்டரோடு 4 வினாடி, 8, 12, 16, 20 என்று அட்டையை நகர்த்திக்கொண்டே வெளிச்சம் கொடுங்கள். டெவலப் பண்ணிப் பாருங்கள். எந்த நேரத்தில் அந்த மனுசரின் நிறம் அவர் நிறமாக வருகிறது? நீங்கள் அவரைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரியும். பார்க்காவிட்டால் அவர் வீட்டாரைக் கேளுங்கள். சரியானது 12 வினாடி என்று வையுங்கள்.

இரண்டாவது கேள்வி: அந்த 12 வினாடிப் பட்டையில் முகம் முகமாக இருக்கிறதா? கன்ன எலும்பின் மேல் விழுகிற வெளிச்சம், மூக்கின் பக்கவாட்டு, கண்ணுக்குக் கீழே இருக்கிற குழி இதெல்லாம் பிரிந்து தெரிகிறதா, இல்லை ஒரே சாம்பலாகத் தட்டையாக இருக்கிறதா? தட்டையாக இருந்தால் கிரேடைக் கூட்டணும். 3, தேவைப்பட்டால் 3½. இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பில்டர் செய்கிறவர்கள் ஒரு வசதி செய்து வைத்திருக்கிறார்கள். பில்டரை மாற்றினாலும் ஒரு குறிப்பிட்ட நடுத்தரச் சாம்பல் மாறாமல் நிற்கும். 00 முதல் 3½ வரை நேரத்தை மாற்றவேண்டாம் என்பார்கள். ஆனால் நம்ம முகம் அந்த நடுத்தரச் சாம்பலாக இல்லையே! அதைவிட ஆழமான படியில் அல்லவா இருக்கிறது? அதனால் பில்டர் எண்ணைக் கூட்டினால் முகம் இன்னும் கருக்கும். குறைத்தால் வெளுக்கும். ‘நேரம் மாறாது’ என்ற சௌகரியம் யாருடைய முகத்துக்குப் பொருந்துமோ அவர்களுக்குத்தான். நாம் பில்டர் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் முகத்தின் மேல் புதிய பட்டை போட்டு நேரத்தைத் திரும்பப் பார்க்கணும். 4, 5 எண்களுக்கு எப்படியும் ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வேணும்.

மூன்றாவது, சட்டை. முகத்துக்கு கிரேடு 3இல் 10 வினாடி கொடுத்தாச்சு. வெள்ளைச் சட்டை இப்போது வெறும் பேப்பராக, நூல்கூடத் தெரியாமல் நிற்கும். பெரும்பாலான ஆட்கள் இந்த இடத்தில் பயந்துபோய் மொத்தப் படத்துக்கும் நேரத்தைக் கூட்டுவார்கள். முகம் போச்சு. அப்படிச் செய்யாதீர்கள். பில்டரை 0க்கு மாற்றுங்கள். ஒரு அட்டையில் சட்டை அளவுக்கு ஓட்டை போட்டு, முகத்தை மறைத்துக்கொண்டு, சட்டைக்கு மட்டும் 6, 8 வினாடி கூடுதலாகக் கொடுங்கள். அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்கணும். நிறுத்தினால் விளிம்பில் கோடு விழும். சாஃப்ட் பில்டரில் கொடுப்பதால் வெள்ளையில் நூலும் மடிப்பும் மெதுவாக எழும்பும்; பக்கத்தில் இருக்கிற கழுத்தின் மேல் கொஞ்சம் சிந்தினாலும் அது அவ்வளவாகக் கருக்காது. இதைத்தான் பர்னிங் என்கிறோம்.

முகத்தை மறைத்து வெளிச்சத்தைக் குறைக்கிற டாட்ஜிங் எல்லாருக்கும் பிடித்த வித்தை. கம்பியில் ஒரு வட்ட அட்டை. நான் இதைக் கடைசியாகத்தான் வைத்துக்கொள்வேன். ஏன்னா மொத்தமாக இருட்டாக வைத்த படத்தில் முகத்தை மட்டும் மறைத்தால், முகத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் வரும், முகத்துக்குள்ளும் தட்டையாகும். சாமி படமாகிவிடும். முகத்துக்குச் சரியான வெளிச்சத்தை முதலிலேயே கொடுத்துவிட்டு, மற்றதைக் கூட்டிக்கொள்வது நல்லது. பின்வரிசைக்காரனுக்கு மிச்சம் மீதியைக் கொடுக்கக்கூடாது; கணக்கே அவனிடமிருந்து தொடங்கணும்.

நாலாவது, காய்வது. நார்ப் பேப்பர் ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்ததும் ஒரு சாயல் கருக்கும். வெள்ளை உடம்புக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆழமான படியில் இருக்கிற முகத்துக்கு அந்த ஒரு சாயலே கண்ணை மூடிவிடும். அதனால் கடைசி நேரத்திலிருந்து 100க்கு 5 முதல் 10 பங்கு குறைத்து வையுங்கள். ஒரு பட்டையை விசிறியில் காயவைத்துப் பார்த்துவிட்டு முழுத் தாளுக்குப் போங்கள்.

இதெல்லாம் நெகடிவில் ஏதாவது இருந்தால்தான். முகம் விழுந்த இடத்தில் ஃபிலிம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தால் எந்த கிரேடும் காப்பாற்றாது. கேமராவில் இருக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பலாக நினைத்துக்கொள்ளும். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் முன்னால் ஒருவரை நிற்கவைத்து மீட்டர் பார்த்தால், அது சுவரைச் சாம்பலாக்கிவிட்டு ஆளைக் கருக்கிவிடும். கிட்டே போய் முகத்தைப் பார்த்து மீட்டர் எடுங்கள். கடுமையான வெயிலில் 400 ஃபிலிமை 200 என்று நினைத்து எடுத்து, டெவலப் பண்ணும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறையுங்கள். நிழலில் உள்ள முகத்துக்கும் ஏதாவது பதியும். வெள்ளையும் முட்டிக்கொண்டு நிற்காது.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடிச்சுச் சொல்லவில்லை. கருப்பு முகத்துக்காகவே பிரிண்ட் போடும் முறையை வளர்த்தெடுத்த ஒருவரைப் பற்றிச் சொல்லணும். ராய் டிகராவா. 1919இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர். ஓவியராக இருந்து புகைப்படத்துக்கு வந்தவர். 1952இல் குகென்ஹெய்ம் நிதிநல்கை பெற்றார். அதைப் பெற்ற முதல் கருப்பினப் புகைப்படக்காரர் அவர். 1955இல் அவர் படங்களுக்குக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் உரை எழுத ஒரு புத்தகம் வந்தது. 1963இல் நியூயார்க்கில் கருப்பினப் புகைப்படக்காரர்கள் சேர்ந்து கமோயிங்கே என்ற பட்டறையைத் தொடங்கியபோது அதற்கு முதல் இயக்குநராக இருந்தார். 2009இல் இறந்தார்.

டிகராவா ஃபிளாஷ் அடிக்கமாட்டார். அங்கே இருக்கிற வெளிச்சம் எதுவோ அதில்தான் எடுப்பார். தன் படங்களைத் தானே இருட்டறையில் பிரிண்ட் போடுவார். அவர் பிரிண்டை முதன்முதலாகப் பார்க்கிறவனுக்கு “என்ன இவ்வளவு இருட்டு?” என்றுதான் தோன்றும். கொஞ்சநேரம் நின்று பார்த்தால் அந்த இருட்டுக்குள் படிப்படியாக ஆட்கள் தெரிய ஆரம்பிப்பார்கள். அவர் தன் ஏணியின் படிகளில் பெரும்பகுதியை அடியில், கருப்பின் பக்கத்தில் வைத்தார். மற்றவர்கள் மூன்று படி வைக்கிற இடத்தில் அவர் பத்துப் படி வைத்தார். 1949இல் எடுத்த ‘கிராஜுவேஷன்’ என்ற படத்தில் வெள்ளை கவுன் போட்ட ஒரு பெண் ஹார்லெம் தெருவில் நடந்து போகிறாள். சுற்றிலும் குப்பையும் நிழலும். பிரகாசமான வெள்ளையை அந்த கவுனுக்கென்று வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் ஆழமான சாம்பலில் நிறுத்துகிறார். 1963இல் வாஷிங்டன் பேரணியில் எடுத்த ஒரு இளம்பெண்ணின் முகம் இருக்கிறது. கோஷம் போடுகிற வாயும் இல்லை, உயர்த்திய கையும் இல்லை. ஒரு முகம் மட்டும். அந்த முகத்தை அவர் வெளுக்கவில்லை, கருந்திட்டாகவும் விடவில்லை. இருட்டறையில் நாம் கத்துக்கவேண்டியது இதைத்தான்.

இன்னொரு போக்கையும் இங்கே சொல்லியாகணும். நம்மைப் படமெடுக்க வருகிறவர்களில் சிலருக்கு கிரேடு 5 ரொம்பப் பிடிக்கும். கிழவியின் சுருக்கத்தை உழுத நிலம் மாதிரி ஆக்குவது, வேர்வையை ஈயம் மாதிரி மின்னவைப்பது, பின்னால் இருக்கிற வீட்டை அடியோடு கருப்பாக்குவது. “என்ன ஒரு பவர்ஃபுல் படம்!” என்று கண்காட்சியில் சொல்வார்கள். அந்தக் கிழவியின் சிரிப்பு எந்தச் சாம்பலில் இருந்ததோ அந்தச் சாம்பலை எடுத்தாச்சு. வீட்டுக் கூரையில் சொருகியிருந்த ரேசன் கார்டும் பிள்ளையின் பாடப்புத்தகமும் கருப்புக்குள் போயாச்சு. மிச்சம் இருப்பது துயரம் மட்டும். ஹார்டு பேப்பர் கூடாது என்று நான் சொல்லவில்லை. மங்கலான வெளிச்சத்தில் எடுத்த மெலிசான நெகடிவுக்கு 4ஆம் எண்தான் உயிர் கொடுக்கும். நெகடிவ் கேட்டதா, நம்ம கை கேட்டதா என்று பார்த்துக்கொள்ளணும். அவ்வளவுதான்.

சிறுபத்திரிகை நடத்துகிற தோழர்களுக்காக அடுத்த விசயம். சுவரில் மாட்டுகிற பிரிண்ட் வேறு, பத்திரிகைக்குக் கொடுக்கிற பிரிண்ட் வேறு. நியூஸ்பிரிண்டில் படம் புள்ளிகளாக அச்சாகும். அங்குலத்துக்கு 65 முதல் 85 வரிசைப் புள்ளிகள். மை ஊறும். கருப்புப் பகுதியில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே மையாகும். கையில் நன்றாக இருந்த படம் பத்திரிகையில் திட்டாக வருவதற்கு இதுதான் காரணம். அதனால் பத்திரிகைக்கென்று தனியாக ஒரு பிரிண்ட் போடுங்கள். முகத்தை ஒரு படி தூக்கி, ஒரு கிரேடு சாஃப்டாக. அது கையில் பார்த்தால் சப்பென்று இருக்கும். ஆசிரியர் தோழர் “என்னய்யா பஞ்சு மாதிரி இருக்கு” என்று சொல்வார். அச்சானபிறகு புரியும்.

படத்திலிருந்து படம் எடுப்பதும் இப்படித்தான். ஒவ்வொரு நகலிலும் கான்ட்ராஸ்ட் ஏறும். நடுச்சாம்பல் கொஞ்சம் உதிரும். ஜெராக்ஸில் இன்னும் மோசம். பாபாசாகேப் அம்பேத்கரின் படத்தைப் பாருங்கள். நம்ம தெருக்களில் எத்தனை சுவரில், எத்தனை நோட்டீசில்! நகலின் நகலின் நகல். கண்ணாடி ஃபிரேம் இருக்கும், கோட்டு இருக்கும், டை இருக்கும். முகத்தில் இரண்டே சாயல். அந்த அடையாளம் நமக்கு வேணும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நல்ல மூலப்படத்திலிருந்து போட்ட ஒரு அச்சை மாணவர்கள் பார்க்கணும். களைத்த கண்ணும் கன்னத்துச் சதையுமாக, ராத்திரி உக்காந்து படிச்ச ஒரு மனுசர் அதில் தெரிவார்.

சாட்சியாகப் போகிற படம் பற்றியும் எச்சரிக்கை செய்யணும். விசாரணைக்கு, கோர்ட்டுக்கு, உண்மை அறியும் அறிக்கைக்குப் போகிற படத்தில் மொத்தப் படத்தின் நேரத்தையும் கிரேடையும் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டாட்ஜிங், பர்னிங் எதுவும் செய்யாத நேர் பிரிண்ட் ஒன்று கட்டாயம் இருக்கணும். பின்புறத்தில் பென்சிலால் நாள், இடம், நெகடிவ் எண், கிரேடு, வினாடி எல்லாம் எழுதுங்கள். காயத்தைப் பெரிதாக்கிக் காட்டினான் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றால், நம்ம கணக்கு நோட்டு பதில் சொல்லணும். நெகடிவை மட்டும் யார் கேட்டாலும் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, திரும்பவும் அந்த டிரங்குப் பெட்டிகளுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் எர்னஸ்ட் கோல் என்று ஒரு இளைஞர். 1940இல் பிறந்தவர். நிறவெறி ஆட்சியில் கருப்பின மக்களின் அன்றாட வாழ்க்கையை மறைந்து மறைந்து படமெடுத்து, 1966இல் நாட்டைவிட்டு வெளியேறினார். 1967இல் அந்தப் படங்கள் ‘ஹவுஸ் ஆஃப் பாண்டேஜ்’ என்ற புத்தகமாக நியூயார்க்கில் வந்தன. தென்னாப்பிரிக்க அரசு புத்தகத்தைத் தடை செய்தது. 1990இல் அந்நிய மண்ணிலேயே அவர் இறந்துபோனார். தொலைந்துவிட்டதாக நினைத்த அவருடைய நெகடிவ்கள் 60,000க்கும் மேல், ஸ்வீடனில் ஒரு வங்கியின் பெட்டகங்களில் கிடந்து, 2017இல் குடும்பத்தார் கைக்கு வந்தன. ஆள் போனபிறகும் நெகடிவ் காத்திருக்கிறது. அதை யாராவது எடுத்துச் சரியாகப் பிரிண்ட் போடணும்.

நம்ம பெட்டிகளுக்கு வங்கிக் காவல் கிடையாது. ஈரமும் கரையானும்தான் காவல். ஊருக்குப் போனதும் தேடுங்கள். கிடைத்த நெகடிவை ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டாதீர்கள். நீளவாக்கில் வெட்டின பேப்பர் உறைகளில் படுக்கையாக வையுங்கள். உறை மேல் பென்சிலால் ஊர், வருசம், ஆட்கள் பெயர் எழுதுங்கள். பெயர் சொல்லக்கூடியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவிடணும். கான்டாக்ட் ஷீட் ஒன்று போட்டு எல்லாருக்கும் காட்டுங்கள். டார்க் ரூம் வசதி இல்லாதவர்கள் ஸ்கேன் பண்ணலாம், தப்பே இல்லை. ஆனால் அங்கேயும் ‘ஆட்டோ’ பொத்தானை அமுக்காதீர்கள். அந்தப் பொத்தான் படத்தில் வெளுத்த இடத்தையும் கருத்த இடத்தையும் கண்டுபிடித்து இரண்டையும் கடைசி வரைக்கும் இழுக்கும். நடுவில் நிற்கிறவர் யார் என்று அதற்குத் தெரியாது. 16 பிட்டில் சாஃப்டாக ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்துக் கையால் சரிசெய்யுங்கள். போனில் முகத்தை வெளுக்கிற அலங்காரம் இருந்தால் முதலில் அதை அணைத்துவிடுங்கள். என்லார்ஜருக்குச் சொன்ன விதிதான் அங்கேயும்.

இப்போது விளக்கை அணைக்கப்போகிறோம். உங்கள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நெகடிவும் ஆறு பட்டைப் பேப்பரும் கொடுத்திருக்கு. முதல் பட்டையைச் சட்டை மேல் வைக்காதீர்கள், வானத்தின் மேல் வைக்காதீர்கள். ஆள் எங்கே நிற்கிறார் என்று தேடி, அவர் முகத்தின் மேல் வையுங்கள். சந்தேகம் இருந்தால் இருட்டிலேயே கூப்பிடுங்கள், பக்கத்தில் வந்து நிற்கிறேன்.